ஆள் இருக்கும் வீட்டுக்கும் தாழ்ப்பாள்

வீட்டில் ஆள் இருக்கும்போதும் வாசல் கதவைத் தாழ் போட வேண்டுமா? திருச்சியில் இந்தக் கேள்விக்கு இரண்டு பதில் உண்டு. தில்லைநகரிலோ கே.கே. நகரிலோ அடுக்குமாடியில் இருப்பவர், "இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்பார். காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்து உத்தர வீதியில் ஒரு பாட்டியிடம் கேட்டால், "பட்டப்பகல்ல யாராவது வாசக்கதவைச் சாத்துவாளா?" என்று பதில் வரும்.

இந்த அத்தியாயத்தின் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாழ் போடுங்கள், பகலிலும் போடுங்கள். ஆனால் உள்ளே இருப்பவர் சாவி தேடாமல் ஒரு கையால் திறக்கும்படி போடுங்கள். வெளியே நம்பிக்கையான ஒருவராவது அவசரத்துக்கு அதைத் திறக்க வழி வைத்திருங்கள். முதல் பாதியை மட்டும் செய்துவிட்டுப் பிற்பாதியை மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். திருடனுக்குப் பயந்து தன்னையே உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்வது பாதுகாப்பு ஆகாது.

வாசல் திறந்தே இருந்ததற்குக் காரணம் உண்டு

ஸ்ரீரங்கம் கோயிலின் ஏழு பிராகாரங்களில் வெளியே உள்ளவை குடித்தனம் நடக்கும் தெருக்கள். உத்தர வீதி, அதற்கு வெளியே சித்திரை வீதி, அதையும் தாண்டினால் அடையவளஞ்சான் வீதி. மதில்களுக்குள் வாழும் ஊர் இது. வீடுகள் ஒன்றோடொன்று சுவர் ஒட்டியவை. வாசலில் திண்ணை. திண்ணையில் எந்நேரமும் யாராவது ஒருவர்: பேப்பர் படிக்கும் தாத்தா, பூத் தொடுக்கும் மாமி, பாராயணம் பண்ணுகிறவர். தெருவில் யார் வந்தார், எந்த வீட்டுப் படி ஏறினார், எப்போது இறங்கினார் என்பது நாலு வீட்டுக்குத் தெரியும். கதவு திறந்து கிடந்தாலும் பூட்டின் வேலையைத் தெரு செய்துகொண்டிருந்தது. அந்தப் பழக்கத்தை அசட்டுத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

இன்று அந்தத் தெரு அப்படி இல்லை. பல திண்ணைகளைக் கம்பி போட்டு அடைத்தாயிற்று. சிலவற்றை இடித்து ஸ்கூட்டர் நிறுத்த இடம் பண்ணியாயிற்று. சில வீடுகள் யாத்ரீகர்களுக்கு வாடகை அறைகளாகிவிட்டன. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்க, நான்கு கட்டு வீட்டில் வயதான இருவரோ, ஒருவர் மட்டுமோ இருக்கிறார்கள். கதவு மட்டும் பழைய பழக்கத்தில் திறந்தே இருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கிராமத்தில் புது முகம் தென்பட்டால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஸ்ரீரங்கத்தில் நாள்தோறும் வெளியூர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். தோளில் பையோடு ஒருவர் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்து, "ரூம் ஏதாவது கிடைக்குமா?" என்று கேட்பது இங்கே அன்றாடக் காட்சி. ஆகவே ஆளைப் பார்த்து நல்லவரா கெட்டவரா என்று எடைபோடும் பழைய வழி இங்கே செல்லாது. வருகிறவர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் பெருமாளைச் சேவிக்க வந்தவர்கள்தான். அவர்கள்மேல் சந்தேகப்பட்டுக்கொண்டே இருப்பது நமக்கும் நல்லதல்ல, ஊருக்கும் அழகல்ல. தாழ்ப்பாள் போட்டுவிட்டால் யாரையும் சந்தேகப்படும் தேவையே இராது.

நம்பிக்கையின் பேரில் கதவே வைக்காத ஊர் ஒன்று மகாராஷ்டிரத்தில் உண்டு: சனி சிங்கணாப்பூர். அங்கே வீடுகளுக்கு நிலை மட்டும்தான், கதவு கிடையாது. திருடினால் சனீஸ்வரன் தண்டிப்பான் என்பது ஊர் நம்பிக்கை. 2011-ல் யூகோ வங்கி அங்கே பூட்டில்லாத கிளை ஒன்றைத் திறந்தது செய்தியானது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே வெளியூரிலிருந்து வந்த ஒருவரின் வண்டியிலிருந்து பணம் திருட்டுப் போனதாகப் புகார் பதிவாகியிருந்தது. 2015-ல் அந்த ஊருக்குக் காவல் நிலையமும் வந்தது. ஊர்க்காரர்கள் மாறவில்லை. கோயில் பிரபலமாகி, வருகிறவர்களின் கூட்டம் மாறிவிட்டது. ஸ்ரீரங்கத்தின் நிலையும் ஏறத்தாழ அதுதான்.

கதவைச் சாத்தினால் வீட்டின் களை போய்விடும், அதிதி வரும் வழியை அடைப்பது பாவம் என்று பெரியவர்கள் வருந்துவார்கள். இரவு அரவணை ஆனதும் பெருமாள் சன்னிதியிலேயே நடை சாத்துகிறார்கள். மறுநாள் விஸ்வரூபத்துக்குத்தான் திறக்கிறார்கள். வீட்டுக் கதவைச் சாத்துவதில் குற்ற உணர்ச்சி வேண்டியதில்லை.

முதலில் கொல்லைக் கதவு

இந்த அத்தியாயத்தில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஸ்ரீரங்கத்துப் பழைய வீடு தெருவில் தொடங்கிப் பின்சந்து வரை ஒரே நேர்கோட்டில் நீளும். திண்ணை, ரேழி, முற்றம், கூடம், தாழ்வாரம், அடுக்களை, அப்புறம் கிணற்றடி, கொல்லை. வாசலில் நிற்பவருக்குக் கொல்லை வெளிச்சம் தெரியும்; அடுக்களையில் குக்கர் சத்தம் போட்டால் வாசலில் நடப்பது காதில் விழாது. காற்றோட்டத்துக்காக இரண்டு பக்கமும் திறந்து வைப்போம். வாசல் பக்கம் தெருவின் கண் இருக்கும். கொல்லைப் பக்கம் இருப்பது சந்து. அங்கே யாரும் உட்காருவதில்லை.

நம்பெருமாள் புறப்பாடு வரும்போது நடப்பதை நினைத்துப் பாருங்கள். நாதஸ்வரம் தெருமுனையில் கேட்டதும், கை வேலையைப் போட்டுவிட்டு எல்லோரும் வாசலுக்கு ஓடுவோம். மாக்கோலம், கற்பூரத் தட்டு, குழந்தைகள், மாடியில் குடியிருப்பவர்கள் என்று வீடு முழுவதும் வாசற்படியில் நிற்கும். அத்தனை பேரும் தெருவைப் பார்த்து நிற்க, முதுகுக்குப் பின்னால் வீடு முழுக்கக் காலி. கொல்லைக் கதவின் கொண்டி தொங்கிக்கொண்டிருக்கும். பீரோ சாவி பீரோ மேலேயே இருக்கும். தாயக்கட்டம் ஆடும் நேரம்கூட வேண்டாம். கொல்லை வழியாக வந்து, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு, வந்த வழியே போய்விடலாம். சித்திரைத் தேர், தைத் தேர், வைகுண்ட ஏகாதசி என்று ஊர் முழுவதும் வாசலிலோ கோயிலிலோ இருக்கும் நாட்களில் இந்த ஆபத்து இரட்டிப்பு.

நம் வீடுகளில் இதற்கு ஒரு முறை ஏற்கெனவே இருக்கிறது. சாயங்காலம் விளக்கு ஏற்றுவதற்கு முன் பாட்டிமார் என்ன சொல்வார்கள்? "கொல்லைக் கதவைச் சாத்திட்டு வாசக்கதவைத் திற." லக்ஷ்மி வாசல் வழியாக வருகிறாள், கொல்லை வழியாகப் போய்விடக்கூடாது என்பது அவர்கள் சொல்லும் காரணம். பாதுகாப்புக்கு இதைவிடச் சரியான வரிசையை எந்த நிபுணரும் சொல்ல முடியாது: பின்கதவைத் தாழிட்ட பிறகே முன்கதவைத் திறப்பது. விளக்கு வைக்கும் நேரத்துக்கு மட்டும் என்று வைத்திருக்கும் அந்த வழக்கத்தை நாள் முழுவதற்கும் நீட்டிக்கொள்ளுங்கள். புறப்பாட்டுச் சத்தம் கேட்டால் முதலில் கொல்லைத் தாழ், பிறகு கற்பூரத் தட்டு. வீட்டில் யாராவது ஒருவருக்கு அதை வேலையாகவே ஒப்படைத்துவிடுங்கள். பத்து வயதுப் பிள்ளையே செய்யும்.

பெரிய இடங்களிலும் பின்பக்கம்தான் பலவீனம். 2019 அக்டோபர் தொடக்கத்தில் சத்திரம் பேருந்து நிலையம் அருகே லலிதா ஜூவல்லரியில் ஏறத்தாழ 13 கோடி ரூபாய் நகை போனது ஊருக்கே தெரியும். திருடர்கள் முன்பக்கத்தைத் தொடவே இல்லை. பின்சுவரில் ஓட்டை போட்டு நுழைந்தார்கள். வீட்டுக்கு யாரும் அப்படிச் சுவரைத் துளைத்து வரப்போவதில்லைதான். ஆனால் எந்தப் பக்கம் பார்வை இல்லையோ அந்தப் பக்கமே வழி என்ற கணக்கு கடைக்கும் வீட்டுக்கும் ஒன்றே.

கொல்லையைப் பற்றி இன்னும் சில. கிணற்றடியில் துணி துவைக்கப் போகும்போது அடுக்களைக் கதவு திறந்திருக்கலாம். சந்துக் கதவு தாழிட்டிருக்க வேண்டும். மதில் சுவரையொட்டி ஏணி, பழைய கட்டில், தண்ணீர் டிரம் சாத்தி வைக்காதீர்கள். முற்றத்துக்கு மேலே கம்பி போட்டிருந்தால் அது துருப்பிடித்து இற்றுப் போகாமல் இருக்கிறதா என்று மழைக்காலம் முடிந்ததும் பாருங்கள். சுவர் ஒட்டிய வீடுகளில் ஒரு மொட்டை மாடியிலிருந்து அடுத்த மாடிக்குக் கால் வைத்தே வந்துவிடலாம். ஆகவே மாடிப்படிக் கதவும் வாசல் கதவுதான்.

ஸ்ரீரங்கத்து வீட்டுக்கே உரிய வசதி ஒன்றும் இருக்கிறது. பல வீடுகளில் ரேழிக்கும் கூடத்துக்கும் நடுவே இரண்டாவது கதவு உண்டு. பெரும்பாலும் அது சுவரோடு ஒட்டித் திறந்தே கிடக்கும், காலண்டர் மாட்டப் பயன்படும். அந்தக் கதவுக்கு எண்ணெய் விட்டு, தாழ்ப்பாளைச் சரிசெய்து உயிர் கொடுங்கள். வாசல் கதவு பகலெல்லாம் திறந்திருக்கட்டும்; திண்ணையில் வெளியூர்க்காரர் உட்கார்ந்து இளைப்பாறட்டும்; ரேழியில் ஒரு பானைத் தண்ணீரும் டம்ளரும் வையுங்கள். கூடத்துக் கதவு மட்டும் தாழிட்டிருக்கட்டும். வீடு திறந்த வீடாகவே இருக்கும், உள்ளே யாரும் வர முடியாது. பழைய வீட்டில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை இதுதான். புதுப் பூட்டு வாங்குவதெல்லாம் அப்புறம்.

எந்த நேரத்தில் எது

விடியற்காலை. பால் பாக்கெட் எடுக்கக் கதவு திறக்கும், அதன்பின் மூடுவதில்லை. மார்கழியில் இன்னும் மோசம். இருட்டில், பனியில், பெண்கள் குனிந்து கோலம் போடுகிறார்கள். கழுத்தில் தாலிச் சங்கிலி. பின்னால் கதவு திறந்திருக்கிறது. உள்ளே மற்றவர்கள் தூங்குகிறார்கள். கோலம் போடும்போது வாசல் விளக்கு எரியட்டும். முடிந்தவரை இருவராக வாருங்கள், அல்லது அடுத்த வீட்டுக்காரரும் நீங்களும் ஒரே நேரத்தில் போடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். சங்கிலி தெரியாமல் புடவைத் தலைப்பால் கழுத்தைச் சுற்றிக்கொள்ளுங்கள். கதவை ஒருக்களித்து வைக்காமல் இழுத்துச் சாத்திவிட்டு வாருங்கள். வைகுண்ட ஏகாதசியன்று பரமபத வாசல் திறப்புக்கு நள்ளிரவு தாண்டியதும் கிளம்புகிறவர்கள், வீட்டில் இருக்கும் பெரியவரை எழுப்பி, உள்ளே தாழ் போடும் சத்தம் கேட்ட பிறகே தெருவில் இறங்க வேண்டும். "தூங்கட்டும், பாவம்" என்று வெறுமனே சாத்திவிட்டுப் போகக் கூடாது.

பி.எச்.இ.எல். குடியிருப்பிலும் பொன்மலை ரயில்வே காலனியிலும் இதே சிக்கல் வேறு உருவத்தில் இருக்கிறது. காலை ஷிப்டுக்கு ஒருவர் கிளம்பிப் போவார். மற்றவர்கள் அரைத்தூக்கத்தில் இருப்பார்கள். வெளியே இழுத்தால் தானே விழும் நைட் லாட்ச் இந்த வீடுகளுக்கு மிகவும் ஏற்றது.

மதியம், சாப்பிட்டபின் கண்ணயரும் நேரம்தான் என் பார்வையில் நாளின் பலவீனமான பொழுது. இரவில் எல்லோருக்கும் எச்சரிக்கை உண்டு. மதியம் யாருக்கும் கிடையாது. ஃபேன் சத்தத்தில் தெருச் சத்தம் கேட்காது. படுக்கப் போகும்முன் இரண்டு கதவையும் தாழிடுவது பல் தேய்ப்பதுபோல் பழக்கமாக வேண்டும்.

கோடை இரவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் திருச்சிச் சுவர்கள் நள்ளிரவிலும் அனல் கக்கும். மின்சாரம் போய்விட்டால் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவதை யாரும் தடுக்க முடியாது. போங்கள், ஆனால் கீழ்க்கதவை வெளியே பூட்டிச் சாவியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே யாராவது தங்கினால் அவர் உள்ளே தாழிடட்டும். வெளியே பூட்டிவிட்டு ஒருவரை உள்ளே விடாதீர்கள். ஜன்னல் திறந்து படுப்பவர்கள் ஜன்னலுக்கு எட்டும் தூரத்தில் செல்போன், பர்ஸ், சாவிக்கொத்து வைக்கக் கூடாது. கம்பிக்குள் கை நுழையும், குச்சியும் நுழையும். பெண்கள் தலை ஜன்னல் பக்கம் இல்லாமல் கட்டிலைத் திருப்பிப் போடுங்கள். கொசுவலை அடித்த கதவை மட்டும் சாத்திவிட்டுத் தூங்குபவர்கள் உண்டு. அது கொசுவுக்கான கதவு. ஒரு பிளேடு போதும்.

கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம்

நம் ஊரில் ஆள் இருக்கும் வீட்டில் நடக்கும் திருட்டுகளில் பல, கதவை உடைத்து நடப்பவை அல்ல. கதவை நாமே திறந்துவிடுகிறோம். பாத்திரம், நகைக்குப் பாலிஷ் போடுகிறேன் என்று வருகிறவர்கள், கேஸ் அடுப்பைப் பார்க்க வந்திருக்கிறேன் என்பவர்கள், தண்ணீர் கேட்பவர்கள் பற்றிக் காவல்துறை எத்தனையோ முறை எச்சரித்திருக்கிறது. பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் போகும்:

"பாட்டி, கேஸ் ஆபீஸ்லேருந்து வரேன். ட்யூப் செக் பண்ணணும்."

"நான் கூப்பிடலையேப்பா."

"எல்லா வீட்டுலயும் பாக்குறோம் பாட்டி. பக்கத்து வீட்டுல முடிச்சிட்டேன். வீட்டுல வேற யாரும் இல்லையா?"

அந்தக் கடைசிக் கேள்வி வந்ததும் பேச்சை முடித்துவிடலாம். உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதற்கும் கேஸ் ட்யூபுக்கும் சம்பந்தமில்லை. பதில் இப்படி இருக்கட்டும்: "பையன் உள்ளே இருக்கான். ஏஜென்சிக்கு போன் பண்ணிக் கேட்டுட்டுத் திறக்கிறேன், நில்லுப்பா." நிஜமான ஊழியர் நிற்பார். இதைச் சொல்ல எந்தக் கூச்சமும் வேண்டாம். மகனே வீட்டில் இல்லாவிட்டாலும் இந்த ஒரு பொய்யைப் பெருமாள் மன்னிப்பார் என்றே நம்புகிறேன்.

உண்மையாக வருகிறவர்களும் இருக்கிறார்கள். மின்வாரியத்திலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க வருவார்கள். மீட்டர் வாசல் பக்கம் இருந்தால் அவர் உள்ளே வரவே தேவையில்லை. பழைய வீடுகளில் மீட்டர் ரேழிக்குள் இருக்கும். அங்கேதான் மேலே சொன்ன கூடத்துக் கதவு கைகொடுக்கும். டெங்கு காலத்தில் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மாநகராட்சிப் பணியாளர்கள் வருவார்கள். அவர்கள் வேலை அவசியமானது. அடையாள அட்டையைக் கேட்டுப் பார்த்துவிட்டு உள்ளே விடுங்கள், வீட்டில் இன்னொருவரையோ பக்கத்து வீட்டுக்காரரையோ கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். கதவில் லென்ஸ் இல்லாவிட்டால் போடுங்கள். குள்ளமான பாட்டி இருக்கும் வீட்டில் அவர் கண் உயரத்தில் போடச் சொல்லுங்கள்; தச்சர் தன் கண் உயரத்தில்தான் துளை போடுவார்.

கேமரா பற்றிச் சுருக்கமாக: நல்லதுதான். ஆனால் பெரும்பாலும் அது நடந்து முடிந்த பிறகு காட்டும். தாழ்ப்பாளுக்குச் செலவழித்து மீதி இருந்தால் வாங்குங்கள்.

பூட்டு, தாழ், திருகாணி

பழைய தேக்குக் கதவு வைத்திருப்பவர்கள் அதை மாற்ற வேண்டாம். இன்று கடையில் கிடைக்கும் அழுத்தப் பலகைக் கதவுகளைவிட அது எவ்வளவோ வலிமை. பலவீனம் கதவில் இல்லை, இரும்பில்தான் இருக்கிறது. நாதாங்கி ஆடுகிறதா, நிலையில் தாழ் விழும் துளை தேய்ந்து அகலமாகிவிட்டதா, கீல் திருகாணிகள் பாதி வெளியே வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு பக்கம் தோளால் லேசாக முட்டிப் பாருங்கள். தாழ் துள்ளினால் அது தாழ் இல்லை. நீளத் திருகாணி போட்டு, தாழ் முழுதாக உள்ளே இறங்குமாறு செய்ய ஒரு தச்சருக்கு அரை நாள் வேலை. மேலே ஒன்று, கீழே ஒன்று என டவர் போல்ட் இருந்தாலும், முதியவர்கள் குனிந்து கீழ்த் தாழைப் போட மாட்டார்கள். ஆகவே இடுப்பு உயரத்தில் கெட்டியாக ஒரு ஆல்ட்ராப் இருப்பதே மேல்.

வெளியே பூட்ட நல்ல திண்டுக்கல் பூட்டு போதும். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு அது, கைவேலை. உள்ளே இருக்கும்போது அது தேவைப்படாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு: கம்பிக் கதவின் உட்பக்கத்தில் பூட்டுத் தொங்கவிட்டு, சாவியை எங்கோ வைத்துவிட்டுத் தூங்கும் வீடுகள் ஏராளம். அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

வெளியேறும் வழி

2004 ஜனவரி 23-ஆம் தேதி ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் முகூர்த்தம் நடந்துகொண்டிருந்தபோது கீற்றுப் பந்தலில் தீப்பிடித்தது. மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறங்கும் வழி குறுகல். எல்லோரும் ஒரே நேரத்தில் அதை நோக்கி ஓடினார்கள். இந்த ஊர்க்காரர்கள் அந்த நாளை மறக்கவில்லை. நம் வீட்டுக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இருக்கிறது. தீயும் புகையும் வரும்போது மனிதன் தெரிந்த வழியைத்தான் தேடி ஓடுவான். அந்த வழி ஒரு நொடியில் திறக்க வேண்டும். புகையில் கண் தெரியாது, கை நடுங்கும். அப்போது சாவிக்கொத்தில் எது கம்பிக் கதவுச் சாவி என்று யார் தேடுவது?

கம்பிக் கதவுக்கும் உள்பக்கம் கொண்டி போடும் தாழ் வையுங்கள். வெளியிலிருந்து கை விட்டுத் திறக்க முடியாதபடி அதைச் சுற்றி ஒரு தகட்டை வெல்டிங் செய்யச் சொன்னால் பட்டறைக்காரர் செய்து தருவார். பூட்டுதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், சாவி அந்தக் கதவுக்குப் பக்கத்திலேயே, வெளியிலிருந்து எட்டாத, உள்ளே எல்லோருக்கும் தெரிந்த ஒரே ஆணியில் தொங்க வேண்டும். இரு பக்கமும் சாவி போட்டால்தான் திறக்கும் பூட்டு குழந்தையும் பெரியவரும் இருக்கும் வீட்டுக்கு ஆகாது. கேஸ் வாசனை அடித்தால் எல்லாக் கதவையும் ஜன்னலையும் திறப்பதுதான் முதல் வேலை, சுவிட்சைத் தொடாமல்; அதற்கும் கதவு உடனே திறக்க வேண்டும். கேஸ் கசிவு அவசர எண் 1906.

நைட் லாட்ச் போட்டவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பால் எடுக்க ஒரு அடி வெளியே வைத்ததும் காற்றில் கதவு அறைந்து பூட்டிக்கொள்ளும், அடுப்பில் பால் பொங்கும், குழந்தை உள்ளே. அடுத்த வீட்டில் ஒரு மறுசாவி இருந்தால் இது இரண்டு நிமிடப் பிரச்சினை.

தனியாக இருக்கும் பெரியவர்கள்

இங்கே பூட்டுவதைவிடத் திறப்பது முக்கியமாகிவிடுகிறது. தனியாக இருப்பவர் இரவில் வழுக்கி விழுந்தால், கதவு உள்ளே மேலும் கீழும் தாழிட்டிருந்தால், 108 ஆம்புலன்ஸ் வாசலில் நின்றாலும் பயனில்லை. கதவை உடைக்க ஆள் தேட வேண்டும். தேக்குக் கதவு எளிதில் உடையாது.

ஆகவே தனியாக இருப்பவர் இரவில் போட வேண்டியது, வெளியிலிருந்து சாவியால் திறக்கக்கூடிய ஒரே பூட்டு. உள்ளே திருகினால் திறப்பது, வெளியே சாவியால் திறப்பது. கூடவே மேல் தாழையும் போடாதீர்கள், போட்டால் மறுசாவிக்கு வேலையில்லை. மறுசாவி ஒன்று சுவர் ஒட்டிய வீட்டிலும், இன்னொன்று அதே ஊரில் இருக்கும் உறவினரிடமும் இருக்கட்டும். செருப்புக்கடியில், துளசி மாடத்தில், மிதியடிக்குக் கீழே வைக்காதீர்கள். திருடன் முதலில் பார்ப்பது அங்கேதான். குளியலறைக்கு உள் தாழ் வேண்டாம். அல்லது வெளியிலிருந்து காசு வைத்துத் திருகினால் திறக்கும் தாழ் போடுங்கள். சுவர் ஒட்டிய வீட்டுக்காரரோடு ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்: காலை ஏழு மணிக்குள் வாசல் தெளிக்கவில்லை என்றால் வந்து தட்டுவது, சுவரில் மூன்று முறை தட்டினால் ஓடி வருவது. இதற்குச் செலவே இல்லை. முதியோர் உதவி எண் 14567, அவசரத்துக்கு 112. காவல்துறையின் 'காவல் உதவி' செயலியைப் பேரன் பேத்தி யாராவது போனில் போட்டுக் கொடுத்து, எந்தப் பொத்தானை அழுத்துவது என்று அழுத்திக் காட்டட்டும்.

சட்டமும் காப்பீடும்

கதவு திறந்திருந்தது என்பதால் திருட்டு திருட்டு இல்லாமல் போகாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 305-ஆம் பிரிவின்படி, குடியிருக்கும் வீட்டில் திருடினால் 7 ஆண்டு வரை சிறை. "நீங்கதானே கதவைத் திறந்து போட்டீங்க" என்று யாராவது சொன்னால் தலை குனிய வேண்டாம், புகார் கொடுங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறுவது உங்கள் உரிமை.

காப்பீட்டில்தான் திறந்த கதவு நம்மைக் கைவிடும். கொள்ளைக் காப்பீட்டுப் பத்திரங்கள் பலவற்றில், பலவந்தமாக உள்ளே நுழைந்து திருடியிருந்தால்தான் இழப்பீடு என்று எழுதியிருக்கும். யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் மேல்முறையீடு செய்த ஒரு வழக்கில் 2004-ல் உச்ச நீதிமன்றம், பத்திரத்தில் அப்படி எழுதியிருந்தால் அதன்படியே பொருள் கொள்ள வேண்டும், பலவந்தம் இல்லாத திருட்டுக்கு அதன்கீழ் இழப்பீடு கோர முடியாது என்று தீர்ப்பளித்தது. திறந்த கதவு வழியாக வந்தவன் எடுத்துப் போன நகைக்குப் பணம் வராது என்று அர்த்தம். உங்கள் பத்திரத்தில் அந்த வரி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். தினமும் போடாத நகை வங்கி லாக்கரில் இருப்பதே நல்லது.

பெற்றோரை ஸ்ரீரங்கத்தில் விட்டுவிட்டு வெளியூரில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது பெருமாளைச் சேவித்துவிட்டு, ஒரு தச்சரைக் கூப்பிட்டு அரை நாள் உடன் நில்லுங்கள். கொல்லைத் தாழை மாற்றுங்கள், கூடத்துக் கதவுக்கு எண்ணெய் விடுங்கள், குளியலறைத் தாழைக் கழற்றுங்கள், மறுசாவி இரண்டு அடித்துப் பக்கத்து வீட்டு மாமியிடம் ஒன்றைக் கொடுத்து அவர் போன் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். அம்மாவை ஒருமுறை கதவைத் தாழிட்டுத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். அவர் கைக்கு அது எளிதாக வரவில்லை என்றால், ரயிலேறும் முன் தச்சரை மறுபடி கூப்பிடுங்கள்.